குலுங்கும் வேன்

மெக்கானிக் ஷெட் வாசலில் வேன் நின்ற இடத்திலேயே குலுங்கியது. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. பின்சீட்டில் மடியில் துணிப்பையோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கே அப்பாவை முதியோர் இல்லத்துல சேர்க்கணும். வண்டி அவ்வளவு தூரம் தாங்குமா?" என்றான் மகன்.

"அவ்வளவு அவசரமா சார்?" என்று மெக்கானிக் குத்தலாகக் கேட்டார். மகன் தள்ளிப்போய் நின்றான்.

இன்ஜினை அணைத்து பானெட்டைத் திறந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஒரு பிளக்குக்குக் கரண்டு போகும் ஒயரை யாரோ கையால் கழற்றிவிட்டிருந்தார்கள். போக மனமில்லாமல் பெரியவர் செய்த வேலை என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. ஜன்னலருகே குனிந்தார்.

"ஐயா, பார்ட்ஸ் வர ஒரு வாரம் ஆகும்னு சொல்லிடறேன். நீங்க கழட்டினதைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்."

"நான் எங்கப்பா கழட்டறது? எழுந்து நிக்கவே அவன்தான் தூக்கணும்," என்றார் பெரியவர். "தூக்கித் தூக்கி அவன் முதுகு போச்சு. இனிமே குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கொண்டுபோய் விடுன்னு அடம்பிடிச்சது நான். காலையில பானெட்டைத் திறந்து மூடினது அவன். பாக்காத மாதிரி இருந்துட்டேன். இங்கே நிறுத்தச் சொன்னதும் நான்தான். மாட்டிவிட்டுடு தம்பி."

மெக்கானிக் ஒயரை மாட்டினார். "ஸ்டார்ட் பண்ணுங்க சார்," என்றபோது அவர் குரல் தணிந்திருந்தது.

இன்ஜின் சீராக ஓடியது. வண்டியின் குலுங்கல் நின்றுவிட்டது. ஸ்டீயரிங்கில் முகம் கவிழ்த்திருந்த மகனின் தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.