வால் எழுத்துகள்

ஜன்னல் வெயில் பழைய நோட்டின் மஞ்சள் தாளில் விழுந்து கிடக்கிறது. பக்கவாதம் வந்து மூன்று மாதமாக, பிரெஞ்சு வாத்தியார் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. மனைவி அவருடைய சக்கர நாற்காலியை மேஜையோடு ஒட்டி நிறுத்திவிட்டு, 'பேசு' என்பதற்கான பிரெஞ்சு வினையை ஒவ்வொரு வடிவமாக வாசிக்கிறாள். வினையின் அசைக்கு ஒரு தட்டாக விரல் மேஜையில் விழுகிறது. "வூ பார்-லே." இரண்டு தட்டு. "இல் பார்-லென்ட்." அதற்கும் இரண்டு தட்டு. எழுத்தில் அந்த 'என்ட்' வால் உண்டு, வாயில் உச்சரிப்பது கிடையாது. அவர் நெற்றி சுருங்குகிறது. "பார்-லென்ட்," என்று அவள் இன்னும் அழுத்துகிறாள். நல்ல கை தடுமாறி எழுந்து அவள் விரலைப் பிடிக்கிறது, ஒரே ஒரு தடவை மேஜையில் அடிக்கிறது. கோணிய உதட்டுக்குள் ஏதோ கரகரக்கிறது. "பா...ர்ல்."

"என்னங்க, சரியா காதுல விழலையே."

"பார்ல்!" மூக்குக்கு மேல் கோபத்தோடு வருகிறது சொல்.

முப்பது வருஷம் அவர் பாடம் நடத்திய அறைக்கு அடுத்த அறையில் தையல் மிஷினை மிதித்தவளுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வினையையும் தப்பாகவே ஆரம்பிக்கிறாள்.