சுவரோரக் கதிரை

“தன்ர மனுசியைத் தவிர மண்டபத்தில இருக்கிற எல்லாப் பொம்பிளையளோடையும் ஆடி முடிச்சிட்டார். பார்த்தீரே?”

செல்வரட்ணம் தன் மனைவி ஞானேஸ்வரியின் காதோரம் குனிந்து சொன்னார். சொன்னது டங்கனைப் பற்றி. மகள் மிதுஷா கட்டிக்கொள்ள ஆசைப்படும் நிக்கலசின் தகப்பன் அவர்.

டங்கனும் மனைவி மோராக்கும் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து முப்பது வருடமாக டென்மார்க்கின் கோல்டிங் நகரில் இருப்பவர்கள். இன்று அவர்களுக்குக் கல்யாண நாள். அதற்காகத்தான் சனிக்கிழமை மத்தியானம் மண்டபம் எடுத்து, தங்கள் நாட்டு நடனமான கெய்லி வைத்திருந்தார்கள். நாளைக்குச் சம்பந்தி ஆகக்கூடியவர்கள் என்று செல்வரட்ணம் குடும்பத்துக்கும் அழைப்பு.

“வந்து ஆக்களைப் பாருங்கோ அப்பா. பார்த்திட்டு ஓமோ இல்லையோ சொல்லுங்கோ” என்று மிதுஷா கெஞ்சிக் கூட்டிவந்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் பதில் சொல்வதாக அவரும் ஒத்துக்கொண்டிருந்தார்.

பார்க்கத்தான் வந்தார். ஆனால் இப்படி ஒன்றைப் பார்ப்போம் என்று கனவிலும் நினைக்கவில்லை.

மத்தியானம் அக்கோடியனும் வயலினும் தொடங்கியதுதான் தாமதம், எழுபது பேர் இரண்டு வரிசையாகப் பிரிந்தார்கள். மேடையில் ஒரு பெண் அடுத்தது என்ன என்று கூவிக் கூவிச் சொல்ல, ஒருவர் கையை விட்டு மற்றவர் கையைப் பிடித்து, சுழன்று, உள்ளே புகுந்து, வெளியே வந்து, சடை பின்னுவதுபோல முழு மண்டபமும் தன்னைத்தானே பின்னிக்கொண்டது. ஒருவரும் ஒருவரோடு முட்டவில்லை. கோப்பை கழுவ வந்த பெண்ணைக்கூட ஏப்ரனோடு இழுத்து வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.

கட்டம்போட்ட பாவாடை கட்டிய ஆறடி ஆம்பிளைகளைப் பார்த்து வாசலில் சிரிப்பை அடக்கிய மனுசன், இரண்டாவது பாட்டில் வாயை மூட மறந்துபோனார்.

டங்கன் நேரே வந்து ஞானேஸ்வரிக்கு முன்னால் கையை நீட்டினார்.

“ஐயோ, எனக்கு உதொண்டும் தெரியாது” என்று அவள் பதறித் தமிழிலேயே சொன்னாள். அவர் எல்லாம் விளங்கியவர்போலத் தலையாட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அவள் புருசனைப் பார்த்தாள். சபைக்குள் என்ன செய்வது?

“போம், போம்” என்றார்.

போனவள் முதல் சுற்றிலேயே பிழையான பக்கம் திரும்பினாள். செல்வரட்ணம் சுவரோரக் கதிரையிலிருந்து பாதி எழுந்தார். அடுத்த கணம் நாலா பக்கத்திலிருந்தும் கைகள் நீண்டு அவளைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டன. மூன்றாவது சுற்றில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையை அண்ணாந்து சிரித்தபடி அவள் சுழன்றாள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, கால் உளைவோடு வீட்டுக்கு வருகிற அதே ஞானேஸ்வரி! இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இந்தச் சிரிப்பை அவர் கேட்டதேயில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் டங்கன் அடுத்த பாட்டுக்கு வேறொருத்தியிடம் போனார். மோராக் யாரோ ஒரு கிழவரோடு ஆடினாள். புருசனும் பெண்சாதியும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பவும் இல்லை.

அதைத்தான் மனைவியின் காதில் அவர் சொல்லி முடிக்கவும் மிதுஷா மூச்சு வாங்க ஓடிவந்தாள். “நீங்களும் வாங்கோவன் அப்பா!”

“முழங்கால் நோகுது பிள்ளை.”

அன்று காலையில்தான் அரிசி மூட்டையோடு மூன்றாம் மாடி ஏறிய முழங்கால் அது. ஏற்கெனவே நிக்கலசுக்கு ஒரு தரமும் டங்கனுக்கு ஒரு தரமும் மோராக்குக்கு இரண்டு தரமும் அதே முழங்காலைத்தான் காட்டியிருந்தார்.

“சொல்லுறன் எண்டு கோவிக்காதை” என்று மகளை அருகில் இழுத்தார். “கல்யாண நாளிலகூட ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடேல்லை. முகம் பார்த்துக் கதைக்கவும் இல்லை. உதுகளுக்கை என்னவோ கிடக்கு. இப்பிடியான வீட்டுக்கு உன்னை எப்பிடிக் குடுக்கிறது?”

மிதுஷாவின் முகம் கறுத்துப்போயிற்று. “இல்லை அப்பா, அப்பிடி இராது...” என்றாள். அவளுக்கும் இதுதான் முதல் கெய்லி.

“இன்னும் இரண்டே இரண்டு ஆட்டம்!” என்று மேடையில் அறிவித்தார்கள்.

மோராக் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தரமும் செல்வரட்ணத்திடம் வந்தாள். “இதற்காவது என்னோடு வாருங்கள்” என்று டெனிஷில் கேட்டாள்.

அவருக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. தெரிந்த டெனிஷ் முழுவதையும் கூட்டிப் பொறுக்கிக் கேட்டேவிட்டார்.

“என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள்? இன்று உங்கள் கல்யாண நாள். உங்கள் கணவரோடு ஒரு தரமாவது ஆடக்கூடாதா?”

மோராக் திரும்பிப் பார்த்தாள். மேடையடியில் டங்கன் தனியே நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ‘என்ன, வருகிறாரா?’ என்பதுபோல அவர் புருவத்தை உயர்த்தினார்.

“அதற்குத்தானே இரண்டு பேரும் மத்தியானத்திலிருந்து காத்திருக்கிறோம்” என்றாள் அவள். “வந்தவர்களில் ஒருவர் ஆடாமல் இருந்தாலும் நாங்கள் சேர்ந்து ஆடுவதில்லை. இப்போது மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான்.”