நுரை அடங்குமுன்

"குடிக்கிறியா?"

மாமியாருக்குப் பதில் தேவைப்படவில்லை. மருமகள் கையில் உயரமான கண்ணாடித் தம்ளர். அதில் பொன்னிறத்தில் பீர், மேலே இரண்டு விரல் நுரை. காலையில் சாப்பிட்ட தட்டுகூட இன்னும் கழுவப்படவில்லை.

"ஆமா அத்தை."

தம்ளரை மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் முட்டிவலி சிகிச்சைக்குப் போயிருந்தார். அங்கே மெஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக மதியம்தான் வீடு திரும்புவார்.

"நான் அந்தப் பக்கம் போனா இங்க தினமும் இதுதான் நடக்குதா?"

"தினமும் இல்லை. பாட்டில் வர்றப்போ மட்டும்."

பாட்டில் வருவது மகனுக்கு. வாரப் பத்திரிகை ஒன்றில் மதுவகைகளைச் சுவைத்து விமர்சனம் எழுதுகிறவன் அவன். இந்த வாரத்துக்குத் தென் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான லாகர் வகை பீர் வந்திருந்தது. அவன் எழுதும் பக்கத்தை மாமியார் பக்கத்து வீட்டில் போய் வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். அவர்கள் கேட்கிறார்களோ இல்லையோ, முழுக்கப் படித்துவிட்டுத்தான் வருவார்.

"கடல் தாண்டி அவனுக்கு அனுப்பியிருக்காங்க. அதைத் திருடிக் குடிக்கிறியே, வெக்கமா இல்லை?"

"இல்லை."

"அவன் குடிச்சா அது தொழில். நீ குடிச்சா அதுக்குப் பேரு என்ன?"

"நீங்களே ஒரு பேரு வைங்க அத்தை."

சொல்லிவிட்டு இன்னொரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக விழுங்கினாள்.

"சோளத்தோட இனிப்பு இருக்கு. சுட்ட ரொட்டி வாசனை. கசப்புதான் நிக்காம ஓடிடுது. விளம்பரத்துல பீத்திக்கிற அளவுக்கு ஒண்ணுமில்லை."

"உளற வேற ஆரம்பிச்சாச்சு. காலங்கார்த்தால இது தேவையா?"

"காலையிலதான் நாக்கு சுத்தமா இருக்கும். மத்தியானக் குழம்புக் காரம் பட்டுட்டா ஒண்ணும் தெரியாது."

"அப்படி ஆசையா இருந்தா நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்ப வேண்டியதுதானே?"

"ஒயின்னா துப்பலாம். பீரோட கசப்பு தொண்டையில இறங்கினாத்தான் தெரியும்."

"அனுபவம் பேசுது," என்று மாமியார் போனை எடுத்தார்.

மகன் ஆபீசிலிருந்து அரக்கப்பரக்க வந்து சேர்ந்தான். தம்ளரைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"கேளுடா உன் பொண்டாட்டியை."

அவன் பாட்டிலை எடுத்து, ஒட்டியிருந்த லேபிளைப் படிக்க ஆரம்பித்தான்.

"சரி, நீ கேக்க வேண்டாம். என் தலையில கை வச்சு, இனிமே இந்தக் கருமத்தைத் தொட மாட்டேன்னு இவ சத்தியம் பண்ணட்டும். இல்லேன்னா இவ அப்பாவைக் கூப்பிடறேன். வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

அவன் மனைவியின் காதருகே குனிந்தான். "சும்மா பண்ணிடேன். அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மாமியார் அத்தனை பேசியும் வராத கோபம் இப்போதுதான் வந்தது.

"பண்ண மாட்டேன். குடிச்சேன். நாளைக்கும் குடிப்பேன். ஒளிஞ்சு இல்லை, இதே ஜன்னல் பக்கம் உக்காந்து குடிப்பேன். எங்க அப்பாவைத் தாராளமா கூப்பிடுங்க அத்தை."

"பாத்தியாடா வாயை? நீ வாயில்லாப் பூச்சியா நில்லு," என்றபடி மாமியார் சம்பந்தியின் எண்ணை அழுத்தினார்.

அதே நேரம் மகனின் போனும் அடித்தது. பத்திரிகை ஆசிரியர். அவர் பேசினால் போன் இல்லாமலே கேட்கும்.

"அந்த லாகர் என்னய்யா ஆச்சு? சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போகணும்."

"வந்துடும் சார்."

போனை வைத்துவிட்டுத் தம்ளரை எடுத்தான். மிச்சமிருந்ததை ஒரே மடக்கில் குடித்துப் பார்த்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்குத் தெரியலைம்மா."

"என்னடா தெரியலை?"

"இது பீரா பச்சத்தண்ணியான்னே தெரியலை. போன மழைக்காலத்துல காய்ச்சல்ல படுத்தேனே, அதோட மூக்கும் நாக்கும் போச்சு. வேலை போயிடுமேன்னு இவகிட்ட அழுதேன். அன்னியிலேருந்து குடிச்சுப் பாக்கறதும் இவதான், எழுதறதும் இவதான். பேரு மட்டும் என்னோடது."

மாமியார் திகைத்துப்போனார். "அப்போ பக்கத்து வீட்டுல நான் படிச்சுக் காட்டினது?"

"எல்லாம் இவ எழுதினது."

அவர் கையிலிருந்த போனில் சம்பந்தி 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லை சம்பந்தி. சௌக்கியமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். உங்க பொண்ணா? தங்கமான பொண்ணு," என்று சொல்லிப் போனை வைத்தார்.

அடுத்த நிமிஷம் வாசல் கதவு சாத்தப்பட்டது. ஜன்னல் திரை இழுக்கப்பட்டது. பாட்டிலில் மிச்சமிருந்த பீரை மாமியார் தானே தம்ளரில் சாய்த்து, மருமகள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"உக்காரும்மா. நுரை அடங்கறதுக்குள்ள குடி. வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம். அவன் பேரு கெட்டுடக் கூடாது பாரு."

மருமகள் எழுந்து போய்த் திரையை முழுசாக விலக்கினாள். திரும்பி வந்து தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"குடிக்க மாட்டேன் அத்தை. இனிமே என் பேரு போட்டாத்தான் குடிப்பேன்."