பச்சா

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கதவோரம் உட்கார்ந்திருந்தேன். வாசலில் இரண்டு பாய். ஒன்றில் எங்கள் தெருக்காரர்கள். எதிர்ப்பாயில் வடநாட்டுக் கட்டட வேலைக்காரர்கள்.

முந்தாநாள் மழையில் என் ரெண்டு வயசு மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார் அவர்களில் ஒருவரான தினேஷ்வர். எங்கள் தெரு அடித்த அடியில் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

"மறைக்காம பேசிடுவோம்," என்றார் எங்கள் தெருச் சங்கத் தலைவர் ஷ்யாம்சுந்தர்.

"பேச இன்னா சார் கீது?" என் வீட்டுக்காரர் ஜோஷ்வா எகிறினார். "புள்ள புடிக்கிற வடக்கன்! அவன் வாயாலயே ஒத்துக்கினான். அடிக்கிறப்போ 'பச்சா, பச்சா'ன்னு கத்தினான். பச்சான்னா குழந்தை. எங்களுக்கும் ரெண்டு வார்த்த இந்தி தெரியும்."

தினேஷ்வரின் தம்பி லக்கன் நிமிர்ந்தான். அவனுக்குத் தமிழ் வரும்.

"எப்டி கத்தினாரு? அதே மாதிரி சொல்லுங்கண்ணா."

"பச்சா...வ்! பச்சா...வ்!"

தினேஷ்வரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது பச்சா இல்லண்ணா," என்றான் லக்கன். " பச்சாவ். 'காப்பாத்துங்க'ன்னு அர்த்தம்."



ஷ்யாம்சுந்தர் தொண்டையைச் செருமினார். "அடி தாங்காம காப்பாத்தச் சொல்லிருக்காரு. பாஷை புரியாம நடந்துபோச்சு. ரெண்டு பக்கமும் இதோட விட்ருங்க."

என் வீட்டுக்காரர் வேகமாகத் தலையாட்டினார்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

"அடிச்சப்போ மட்டும் இல்லீங்க. அதுக்கு முன்னாடியே கத்தினாரு."

"ஹெப்சி, உள்ள போ!" என்று அதட்டினார் என் வீட்டுக்காரர்.

"நீங்க யாரும் அப்போ இங்க இல்ல. கால்வாய்ப் பக்கத்துலேருந்து ரொம்ப நேரம் கேட்டுச்சு. மழையில எவன் என்னத்தக் கூவி விக்கிறான்னு நெனச்சு, நான் அடுப்பையே பாத்துக்கினு இருந்தேன்."

லக்கன் என் பக்கம் திரும்பினான். "கால்வாயா? பாப்பா மேல சேறு இருந்துச்சா?"

"மேல மட்டுமா? மூக்குல, வாயிலகூட சேறு. அவன் கீழ தள்ளி இழுத்தப்போ பட்டதுன்னு இவரு சொன்னாரு. இழுத்தா வாய்க்குள்ள எப்டிப் போவும்?"



லக்கன் தன் அண்ணியிடம் இந்தியில் ஏதோ சொன்னான். அவள் என்னையே பார்த்தாள்.

"அவரு தனக்காகக் கத்தல," என்றேன். " கால்வாயில விழுந்த எங்க குழந்தையக் காப்பாத்தத்தான் நம்மளக் கூப்ட்டாரு. நாமளும் ஓடிப்போயி அவர..."

"அக்கா," என்று எதிர்ப்பாயிலிருந்து கூப்பிட்டாள் தினேஷ்வரின் மனைவி, பக்கத்தில் எனக்கு இடம் விட்டு.