எழுதாமல் விட்ட பத்து வரி

"பாதிப் பேச்சைக் காணோமேம்மா" என்றார் பாலசுப்பிரமணியன். லண்டன் நூலகம் என்பதால் குரலைத் தாழ்த்தத்தான் பார்த்தார். கோபத்துக்கு நூலக விதியெல்லாம் தெரியுமா?

மேசையில் இருந்தது, அவருடைய தாத்தா மேல் வெள்ளைக்காரன் போட்ட ராஜத்துரோக வழக்கின் கோப்பு. தாத்தாவுக்கு நூற்றிருபத்தைந்தாம் பிறந்தநாள் மலர் போட, புறநகர் ஹரோவிலிருந்து மெனக்கெட்டு வந்திருந்தார். மகள் ஹம்சினி துணைக்கு வந்திருந்தாள்.

"'பட்டாளத்துக்காரா, துப்பாக்கியைக் கீழே போடு'ன்னு தாத்தா முழங்கின இடமே இதுல இல்ல. நம்ம வீட்ல குழந்தைக்குக்கூட மனப்பாடம். பேச்சைக் குறிப்பெடுத்த அந்த சி.ஐ.டி. சுருக்கெழுத்துக்காரன் காட்டிக்கொடுக்கிறதைக்கூட ஒழுங்காச் செய்யல."

அந்தச் சுருக்கெழுத்துக்காரரின் கொள்ளுப்பேரன்தான், ஹம்சினி காதலித்த கௌசிக். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் அப்பாவிடம் கேட்டபோது, "துரோகி வீட்டுச் சம்பந்தமே வேண்டாம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். போன மாதம் கௌசிக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

"அடுத்த பக்கத்தைப் பாருங்கப்பா."

போலீஸ் மேலதிகாரியின் குறிப்பு அது. 'பேச்சில் மிக ஆபத்தான பத்து வரிகளை வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறார். ஆயுள் தண்டனை பெற வேண்டியவர் ஆறு மாதத்தோடு தப்பிவிட்டார். எழுதியவர் வேலைநீக்கம். ஓய்வூதியம் கிடையாது.'

பாலசுப்பிரமணியன் குறிப்பை இன்னொரு முறை படித்தார். தாத்தா கோர்ட்டில் வாதாடியதில் நீதிபதியே அசந்துபோய்த்தான் ஆறு மாதத்தோடு விட்டார் என்று, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நாற்பது வருஷமாகச் சொல்லி வந்தவர் அவர்.

"பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பையன் அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் மறுக்கப்போறேன்? பாவம், அவனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரியும்பா. இந்தப் பக்கத்தோட நகலை எடுத்துக்கிட்டு நம்ம வீட்டு ஹால் வரைக்கும் வந்தான்." ஹம்சினி கோப்பை மெல்ல மூடினாள். "நீங்க உள்ளே யார்கிட்டயோ தாத்தாவோட கோர்ட் கதையைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. கொஞ்ச நேரம் நின்னு கேட்டான். 'அவர் சந்தோஷத்தைக் கெடுத்துட்டு நமக்கு ஒரு கல்யாணம் வேண்டாம் ஹம்சி'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டான்."