விடுப்பு நாள்

மூன்று மாதத்துக்குப் பிறகு கிடைத்த ஒரு நாள் விடுப்பில், இன்று யார் கவலையையும் காதில் வாங்குவதில்லை என்ற முடிவோடு, மனநல ஆலோசகர் முடிவெட்டும் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். கழுத்துவரை வெள்ளைத் துணி. ஜன்னல் வெயில் ஈர முடியில் மினுங்குகிறது. காதோரம் கத்தரி முணுமுணுக்க, கண் தானாகச் சொக்குகிறது. "என் வீட்டுக்காரரு என்கிட்ட பேசியே பத்து நாளாச்சுக்கா," என்கிறாள் முடி வெட்டுகிறவள். தூங்குவதுபோல் இருந்துவிடலாம் என்று கண்ணை இறுக்கி மூடியும் பார்க்கிறார். ஆனால் பாழாய்ப்போன தலை, பழக்கதோஷத்தில், ஒரு பக்கமாய்ச் சாய்கிறது. "ம்... சொல்லும்மா," என்கிறது வாய். கத்தரி நின்றுவிடுகிறது. கண்ணாடியில், பாதி வெட்டிய தலைக்கு மேலே, முடி வெட்டுகிறவள் விசும்பத் தொடங்குகிறாள். துணிக்கு அடியில் ஆலோசகரின் கை, ஆலோசனை அறை மேசையில் எப்போதும் இருக்கும், இங்கே இல்லாத டிஷ்யூ பெட்டியைத் துழாவுகிறது.