எக்ஸ்ரே லாரிக்கு எண்ணெய்

“நிக்கிற லாரிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை இஞ்சின் ஆயில் மாத்தணுமா? இது எந்த ஊர் நியாயம்?”

மருத்துவமனையின் வாகனப் பிரிவுக்கு வந்து இரண்டே மாதமான இளம் பொறியாளர் அவள். கையில் எக்ஸ்ரே லாரியின் பதிவேடு. எதிரே அதன் டிரைவர். ஓய்வுபெற இன்னும் பதினோரு மாதம்.

“பழைய டீசல் வண்டி, மேடம். அப்படியே பழக்கிட்டேன்.”

“வருஷம் முழுக்க ஓடினது இருநூத்திப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம் ஓடுற வண்டி. வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா தாராளம். அப்படித்தான் எழுதப் போறேன்.”

“வேண்டாம் மேடம். இஞ்சின் போயிடும்.”

“எப்படிப் போகும்? காரணம் சொல்லுங்க, ஒத்துக்கறேன்.”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதுதான் அவளுக்குப் பிடிக்காது. பதில் பேசினால் மல்லுக்கு நிற்கலாம். வாயைப் பூட்டிக்கொள்கிறவரிடம் என்ன வாதாடுவது? மாற்றியதாக எழுதிவிட்டுப் புது டின்னை வெளியே விற்கிறாரோ?

அவளே பானெட்டைத் திறந்து அளவுக் குச்சியை உருவினாள். எண்ணெய் மை போலிருந்தது.

“இதுதான் போன மாசம் மாத்தினதா?”

“டீசல் வண்டியில நேத்து மாத்தினதுகூட இன்னிக்குக் கறுத்துடும், மேடம்.”

“அதையும் பார்த்துடலாம்.”

ஒரு சீசாவில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினாள். நாலாம் நாள் சோதனைக்கூடத்திலிருந்து ஃபோன்.

“ஆயில் புதுசுதான், மேடம். ஆனா வண்டியை ஏன் இப்படிப் பிழியறீங்க? இவ்வளவு கரி, இவ்வளவு இரும்புத் தூள். வண்டி நிக்கவே இல்லை போலிருக்கே.”

அவள் லாரிக்கு அடியில் நுழைந்தாள். கிலோமீட்டர் காட்டும் கேபிளின் திருகு மட்டும் பளபளத்தது. சுற்றியிருந்த மற்றதெல்லாம் துரு. ஓடும் தூரம் பதிவாகாதபடி யாரோ அடிக்கடி கழற்றி மாட்டுகிறார்கள்.

வாடகைக்கு ஓட்டுகிறார். வேறென்ன?

அரை மணி நேரத்தில் இருவரும் தலைமை மருத்துவரின் அறையில் நின்றார்கள். அவர் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. அவள் எழுதிக் கொண்டுவந்த அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

“இதோட நகல் நம்ம ஆஸ்பத்திரி அறக்கட்டளைத் தலைவருக்குப் போயிடுச்சா?”

“இன்னும் இல்லை, சார். சாயங்காலம் அனுப்பிடுவேன்.”

“இன்னிக்கே அனுப்பணுமா?”

அவளுக்குச் சுருக்கென்றது. “ஏன் சார், மூடி மறைக்கப் போறோமா? நோயாளிங்களுக்குன்னு வாங்கின வண்டி இது. இவரை இன்னிக்கே சஸ்பெண்ட் பண்ணணும். போலீஸுக்கும் சொல்லணும்.”

மருத்துவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிரைவர் முந்திக்கொண்டார்.

“ஐயா, நீங்க இதுல வராதீங்க. ஆமா மேடம், கேபிளைக் கழட்டினது நான்தான். வாடகைக்கு விட்டேன்.”

“யாருக்கு?”

“அது... காய்கறி வியாபாரிக்கு.”

“எக்ஸ்ரே மிஷின் இருக்கிற வண்டியில காய்கறியா? எங்க வச்சு ஏத்தினீங்க?”

டிரைவர் மருத்துவரைத் திரும்பிப் பார்த்தார்.

“உனக்குப் பொய் சொல்ல வராதுய்யா. எத்தனை தடவை சொல்றது?” என்றார் மருத்துவர். இழுப்பறையைத் திறந்து, ஒரு கற்றை எக்ஸ்ரே படங்களை மேசையில் வைத்தார். மேலே இருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இந்த நுரையீரலுக்கு முப்பத்திரண்டு வயசும்மா. வெள்ளைப் புள்ளியெல்லாம் கல்லுத் தூசி. குவாரியில பாறை துளைக்கிற ஆளு. இதுவரைக்கும் எண்பத்தாறு பேருக்குப் படம் எடுத்திருக்கோம். ஐம்பத்தொரு பேருக்கு இதே புள்ளி.”

“எடுத்திருக்கோம்னா?”

“வண்டி ஓட்டுறது அவர். படம் எடுக்கிறது நான். ஞாயித்துக்கிழமை வண்டியைக் கழுவ எடுத்துட்டுப் போறதா கேட்ல சொல்லுவார். நான் பாதி வழியில ஏறிப்பேன். டீசல் என் செலவு. மிஷினுக்குக் கரண்ட் லாரி இஞ்சின்லேருந்துதான் வரணும். காலையில போட்டா பொழுது சாயறவரைக்கும் அணைக்க முடியாது.”

எண்ணெயில் அவ்வளவு கரி எப்படி வந்தது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. ஆனால் ஒன்று புரியவில்லை.

“நல்ல காரியத்தை ஏன் சார் திருட்டுத்தனமா செய்யணும்? அனுமதி கேட்டிருக்கலாமே?”

“மூணு தடவை எழுதிக் கேட்டேன். ‘வண்டி தேஞ்சு போகும், வேண்டாம்’னு மூணு தடவையும் தலைவர் எழுதி அனுப்பினார்.” படத்தைக் கீழே வைத்தார். “அந்தக் குவாரி அவரோடது.”

அவள் அந்தப் படத்தை எடுத்துத் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே?” என்றாள் டிரைவரிடம்.

“நீங்கதான் எதைச் சொன்னாலும் உடனே எழுதிடுறீங்களே, மேடம்.”

அவள் முகம் சிவந்தது. மேசையிலிருந்த அறிக்கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

“என்னம்மா பண்ணப் போறீங்க?” மருத்துவரின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது.

அவள் அறிக்கையை நாலாகக் கிழித்துப் பைக்குள் திணித்தாள். கையோடு கொண்டுவந்திருந்த பதிவேட்டைத் திறந்து, ‘வருடத்துக்கு ஒரு முறை’ என்று தான் எழுதியிருந்ததை அடித்து, வேறு ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“பழையபடி மூணு மாசமா?” என்று எட்டிப் பார்த்தார் டிரைவர்.

“இல்லை, ரெண்டு மாசம். இஞ்சின் படுற பாட்டுக்கு மூணு மாசம் தாங்காது. ‘நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டி என்பதால் எண்ணெய் சீக்கிரம் கெட்டுவிடுகிறது’ன்னு காரணமும் எழுதியிருக்கேன்.” பதிவேட்டை மருத்துவர் பக்கம் நகர்த்தினாள். “கையெழுத்துப் போடுங்க, சார்.”